முப்பதாம் தேதி வரை பாவமில்லை

பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு, தான் இன்னும் வாழாத பதினேழு நாட்களிலும் எந்தப் பாவமும் செய்யவில்லை என்று தன் கையாலேயே எழுதி வைத்திருப்பதை அருமைநாயகம் கண்டார்.

வலது கையில் பேனா இருந்தது. வாயில் பாதி முறுக்கு இருந்தது. அதை மெல்லுவதா துப்புவதா என்று தெரியாமல் சமையலறை அலமாரிக் கதவின் முன் நின்றார். கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளில் நவம்பர் மாதத்தின் முப்பது நாட்களும் பத்துப் பத்துக் கட்டங்களாக இருந்தன. பதின்மூன்று வரை டிக் இருந்திருந்தால்கூட ஒரு நாள் அதிகம்தான். இன்றைய கணக்கை இனிமேல்தான் போட வேண்டும். ஆனால் டிக்குகள் பதின்மூன்றில் நிற்கவில்லை. பதினான்கு, பதினைந்து, ஞாயிறு, திங்கள் என்று வரிசையாக இறங்கி, முப்பதாம் தேதியின் கடைசிக் கட்டத்தில் போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் நீல மை. எல்லாம் வால் நீண்ட டிக். அந்த வாலை ஓசூர் சிப்காட்டில் அடையாளம் தெரியாத ஆளில்லை.

அருமைநாயகம் ஓசூருக்கு வந்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்தவர், வண்டியின் பிரேக்குக்குப் போகும் விரல் நீள இரும்புப் பின் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, தரப் பிரிவில் சூப்பர்வைசர் ஆனார். கன்னடத்தில் காய் வாங்குவார், தெலுங்கில் வாடகை பேசுவார், ஊர்த் தமிழில் கோபப்படுவார். பாகலூர் சாலையில் டயர் கடைக்கு மேல்மாடியில் கூடும் சிறிய சபையில் இருபது வருடமாக முன்வரிசை. புகை இல்லை, குடி இல்லை, சினிமாகூட இல்லை. இப்படிப்பட்ட ஒருவருக்குப் பாவத்தோடு சண்டை போட ஆயுதம் எதற்கு என்று கேட்கலாம். அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு. அதனால்தான் ஆயுதம் செய்தார்.

ஆயுதத்தின் பெயர் ஆத்தும செக் ஷீட். கம்பெனியில் ஒவ்வொரு எந்திரத்தின் பக்கத்திலும் ஒரு அட்டையில் செக் ஷீட் தொங்கும். மணிக்கு ஒரு தடவை பின்னை எடுத்து கேஜ் என்ற அளவுக்கருவியில் போட்டுப் பார்த்து, அளவு சரியென்றால் டிக், சரியில்லை என்றால் என்.ஜி. என்று எழுத வேண்டும். ஆகாத பொருளுக்கு ஓசூர் முழுக்க இதுதான் பெயர். பின்னுக்கு இருக்கும் கண்காணிப்பு ஆத்துமாவுக்கு இல்லையே என்று இந்த வருடம் ஜனவரி முதல் தேதிப் பிரசங்கத்தின் நடுவே அவருக்குத் தோன்றியது. காலை ஜெபம், வேத வாசிப்பு, பொய், கோபம், கண்ணின் இச்சை, புறம்பேச்சு, பொருளாசை, பெருமை, வீட்டாரிடம் பொறுமை, எளியவரிடம் இரக்கம் என்று பத்து வரிகள். போதகருக்கு அது மிகவும் பிடித்துப்போய், நாற்பது வீடுகளுக்கும் அச்சடித்துக் கொடுத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அருமைநாயகத்தைச் சபைக்கு மூப்பராக நியமிப்பதாகவும் முடிவாகியிருந்தது.

"சற்குணம்!" என்று கத்தினார். முறுக்கு புரையேறியது.

மனைவி வந்து அவரையும் தாளையும் பார்த்தாள். அவள் முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை.

"யாரு போட்டது இது?"

"நீங்கதான் போட்டிய."

"நானா? நான் எப்பம் போட்டேன்?"

"போன சனிக்கிழமை. மூப்பராப் போடப்போறோம்னு போதகரய்யா போன் பண்ணுனாவள்ளா? போனக் காதுல வச்சிக்கிட்டு, 'எல்லாம் கிருபை ஐயா, எல்லாம் கிருபை'ன்னு சொல்லிக்கிட்டே போட்டிய. ஒரு கிருபைக்கு ஒரு டிக். பேப்பர் முடிஞ்சிட்டு. இல்லன்னா டிசம்பருக்கும் சேத்துப் போட்டிருப்பிய. அதுக்குப் பெறவு இன்னைக்குத்தான் இந்தக் கதவத் தொறக்கிய."

"பாத்துக்கிட்டா இருந்த? சொல்லக் கூடாதா?"

"சொன்னா கோவம் வரும். அந்தக் கட்டத்துல டிக் போட முடியாமப் போயிரும். உங்க சீட்ட நான் எதுக்குக் கெடுக்கணும்?"

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அருமைநாயகம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் கை தன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறது. திருடன் வீட்டுக்குள் வந்தால் கதவு உடைந்திருக்கும். இங்கே கதவைத் திறந்து விட்டவனே திருடன்.

பழைய தாள்களை எடுத்துவரச் சொல்ல வாய் வரவில்லை. தானே போய் எடுத்தார். மே மாதத்தில் மைத்துனனை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிய நாள் நினைவிருந்தது. அன்று கோபத்துக்கு டிக். ஆகஸ்டில் சபையில் பக்கத்து வரிசைக்காரர் மகளின் கல்யாணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்த நாள். புறம்பேச்சுக்கு டிக். ஜனவரி முதல் நேற்று வரை மூவாயிரத்து நூற்று அறுபது கட்டங்கள். ஒன்றில்கூட என்.ஜி. இல்லை.

தரப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவருக்கு இதைவிடப் பயங்கரமான ஒரு தாள் இருக்க முடியாது. கம்பெனியில் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன், வேண்டுமென்றே தப்பாகச் செய்து சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு பின்னை கேஜில் போட்டுப் பார்ப்பார்கள். கேஜ் அதைத் தள்ள வேண்டும். சிவப்புப் பின்னையும் சரியென்று உள்ளே விட்டால், பின் நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கேஜ் செத்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தூக்கிப் பூட்டி வைத்துவிட்டு, அது பார்த்த பொருள் அத்தனையையும் மறுபடி பார்க்க வேண்டும். பதினோரு மாதமாக எதையுமே தள்ளாத ஒரு கேஜைத்தான் அவர் நாற்பது வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்.

அப்போதுதான் இன்றைய தேதியின் பத்தாவது கட்டம் கண்ணில் பட்டது. எளியவரிடம் இரக்கம். டிக்.

இன்று காலை பத்து மணிக்குத்தான் அவர் காவேரியைப் பிடித்திருந்தார்.

காவேரி நான்காம் எந்திரத்தில் காண்டிராக்ட் தொழிலாளி. அஞ்செட்டிக்கும் அந்தப் பக்கத்துக் காட்டுக் கிராமம். விடிவதற்கு முன் கிளம்பி வருவாள். நாலரை மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். விட்டால் அடுத்த பஸ் எப்போது என்பது பஸ்காரர்களுக்கே தெரியாது. செக் ஷீட்டில் டிக்குகளை முன்கூட்டியே போட்டு வைப்பவர்களைப் பிடிப்பதில் அருமைநாயகம் பேர் வாங்கியவர். பத்து மணிக்குப் போவார். பதினோரு மணிக் கட்டத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான் வித்தை. காவேரியின் தாளில் மாலை நாலு மணி வரை டிக் இருந்தது.

"பீஸெல்லாம் மணிக்கு மணி பாக்கறேன் சார். டிக்கு மட்டுந்தான் முன்னாடியே போட்டுட்டேன். கடைசில எழுத நின்னா பஸ்ஸு போயிருதுங்க சார்" என்றாள்.

"பாக்காத பீஸுக்குப் போட்ட டிக்கு பொய்யி. பொய்யில சின்னப் பொய், பெரிய பொய் கெடையாது" என்றார் அவர். சுற்றிலும் ஆறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதில் அவருக்குத் திருப்திகூட இருந்தது. போனில் படம் பிடித்தார், ரிப்போர்ட் எழுதினார், மேனேஜருக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முடிவு. முடிவு என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்: வேலை போவது மட்டுமல்ல, கேட்டில் போட்டோ ஒட்டுவார்கள். அந்தப் போட்டோ வாட்ஸப்பில் மற்ற காண்டிராக்டர்களுக்கும் போகும். அதற்குப் பிறகு ஓசூரில் எந்தக் கேட்டும் அவளுக்குத் திறக்காது. பிளஸ் டூ படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு அவள் மறுபடி ராகிக் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அருமைநாயகம் போனை எடுத்துக் காலையில் பிடித்த படத்தைத் திறந்தார். அவள் செய்தது தன்னுடையதைவிடக் கொஞ்சமாவது மோசமாக இருக்காதா என்ற ஆசையில்தான் திறந்தார் என்பதை மறைப்பானேன். டிக்குகளைப் பார்த்தார். பிறகு விரலால் படத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினார்.

டிக்குகளுக்கு இரண்டு அங்குலம் கீழே இன்னொரு வரிசை இருந்தது. 'சரிபார்த்தவர்' வரிசை. ஒவ்வொரு மணியும் சூப்பர்வைசர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டிய இடம். எட்டு மணி முதல் நாலு மணி வரை ஒன்பது கட்டங்களிலும், வால் நீண்டு, அவருடைய கையெழுத்து இருந்தது. படம் பிடித்தது பத்து மணி ஏழு நிமிடத்துக்கு.

காலையில் பன்னிரண்டு எந்திரங்களையும் சுற்றிவரும்போது அவர் வழக்கமாகப் போடுவதுதான். பதினைந்து வருடமாகப் போடுகிறார். அது தப்பு என்று தோன்றியதில்லை என்று சொன்னால்கூட முழு உண்மையாகாது. அது கண்ணிலேயே பட்டதில்லை. அவள் பொய் சொல்லப் போவதை அவர் எட்டு மணி பத்து நிமிடத்துக்கே சரிபார்த்து முடித்திருந்தார்.

"சாப்பிட வாறியளா?" என்று சற்குணம் கேட்டாள்.

"வேண்டாம்."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார் அருமைநாயகம். இன்று அவர் சொன்னவற்றில் அதுதான் சுத்தமான உண்மை.

வெள்ளிக்கிழமை காலை, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த காண்டிராக்டர் ஷெட்டில் காவேரி உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்திருந்தாள். காண்டிராக்டர் சென்றாயன் டீ குடித்துக்கொண்டே அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

"உனுக்கு எத்தினி வாட்டி சொன்னேன்? அந்தச் சர்ச்சு சாருகிட்ட மட்டும் மாட்டிக்காதேன்னு. பாவம் புண்ணியம் எல்லாம் டேப் வச்சு அளக்கற மனுசன் அவரு" என்றவர், வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க சார், டீ சாப்டுறீங்களா?"

சென்றாயனை வெளியே அனுப்பிவிட்டு அருமைநாயகம் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"அந்த சீட்டுல கீழ என் கையெழுத்து இருந்துச்சு. நாலு மணி வரைக்கும்."

"ஆமாங்க சார்."

"நீ பாத்தியா?"

"தெனமும் பாக்கறதுதானுங்க. நீங்க காலையில மொத்தமாப் போட்டுட்டுப் போறதப் பாத்துத்தானே நானும் மொத்தமாப் போட ஆரம்பிச்சேன்."

"நேத்து எல்லார் முன்னாலயும் நான் உன்னப் பேசும்போது ஏன் சொல்லல?"

காவேரி அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள். "சொல்லி? உங்க வேலையும் போவும். எனுக்குப் போனது போவட்டும்னு இருந்துட்டேன். ஒரு தப்புக்கு ரெண்டு குடும்பம் எதுக்குங்க சார் தெருவுல நிக்கணும்?"

அருமைநாயகம் இருபது வருடம் பிரசங்கம் கேட்டவர். அவள் சபைக்குப் போகிறவள் இல்லை. அவள் வீட்டு அலமாரியில் எந்தத் தாளும் இல்லை.

"கம்பெனிக்குள்ள வந்து உக்காரு. நான் மேனேஜரப் பாத்துட்டு வாறேன்."

"வம்பு வேணாங்க சார்."

"வம்பு நான் நேத்தே பண்ணிட்டேன்."

மேனேஜர் சௌந்தரராஜன் சேலத்துக்காரர். எதற்கும் பதறமாட்டார் என்பதுதான் அவருடைய தகுதி. அருமைநாயகம் போன் படத்தை மேசைமேல் வைத்து, கையெழுத்து வரிசையைக் காட்டி, "சார், ரிப்போர்ட்ல ஒரு பேருதான் இருக்கு. ரெண்டாவது பேரு என்னோடது. அந்தப் பொண்ண அனுப்பணும்னா என்னையும் அனுப்புங்க. இல்ல, ரெண்டு பேருக்கும் மெமோ குடுத்து விடுங்க" என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு.

சௌந்தரராஜன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அருமைநாயகத்தைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகப் பதற்றம் இருந்தது.

"யோவ் நாயகம். இந்தப் படத்த வேற யாருக்காவது அனுப்புனியா?"

"இல்ல சார்."

"செவ்வாக்கிழமை கஸ்டமர் ஆடிட்டு. நீ முன்னாடியே கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா உன்னோட நிக்காதுய்யா. பன்னெண்டு மெஷினையும் பாப்பான். அப்பறம் இத பாப்பான்." இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் தள்ளினார். மாத ஒப்புதல் தாள். நவம்பர் கடைசி வாரம் வரை சௌந்தரராஜனின் பச்சை மைக் கையெழுத்து, பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

அருமைநாயகம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பெனிக்கு மாடி எத்தனை இருக்கிறதோ, அத்தனை மாடியிலும் இதே தாள் இருக்கும் போலிருந்தது.

சௌந்தரராஜன் ரிப்போர்ட்டை எடுத்தார், நான்காகக் கிழித்தார், குப்பைக்கூடையில் போட்டார். "அந்தப் பொண்ணு மெஷினுக்குப் போவட்டும். படத்த அழிச்சுடு. விஷயம் முடிஞ்சுது."

"அப்ப என் குத்தம் சார்?"

"அத உங்க சாமிகிட்டச் சொல்லிக்க. எனுக்கு ஞாயித்துக்கெழம லீவு."

ஆக, காவேரியின் வேலை பிழைத்தது. அருமைநாயகத்தின் மனசாட்சியால் அல்ல, சௌந்தரராஜனின் பயத்தால். மேலே போய் நியாயம் கேட்டால் கிழிந்த ரிப்போர்ட் மறுபடி ஒட்டப்படும். முதலில் கேட்டுக்கு வெளியே போகிறவள் அவளாகத்தான் இருப்பாள். உண்மையை முழுசாகச் சொன்னால் ஏழை சாகிறாள். பாதியில் நிறுத்தினால் பொய் பிழைக்கிறது. இதற்கு அவருடைய தாளில் கட்டமே இல்லை.

தன்னால் ஆனது ஒன்றுதான் என்று நினைத்தார். "ஒண்ணு கேக்கேன் சார். கடைசிச் செக்கிங்க நாலு மணில இருந்து மூணே முக்காலுக்கு மாத்துங்க. தூரத்து பஸ்ஸுக்காரங்களுக்கு எழுத நேரம் இருக்கும். நானும் மணிக்கு மணி நேர்ல வந்துதான் போடுவேன். பன்னெண்டு மெஷினும்."

"கால் ஒடிஞ்சுரும்யா."

"ஒடியட்டும்."

"என்னமோ பண்ணு" என்றார் சௌந்தரராஜன். ஃபைலை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

அன்று மாலை அலமாரிக் கதவைத் திறந்தபோது, எளியவரிடம் இரக்கம் என்ற கட்டத்தின் மேல் பேனா தானாகப் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே டிக் இருந்தது. இன்னும் கொஞ்சம் கனமாக, இன்றைக்கு உண்மையாகவே சம்பாதித்த டிக்காகப் போட்டுவிடலாம் என்று விரல் அரித்தது. அரிப்பை உணர்ந்ததும் அவர் பேனாவைக் கீழே போட்டார். தேள் கொட்டியதுபோல இருந்தது. இருபத்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை.

பள்ளிக்கூடம் போகும் மகளின் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். எட்டாவது வரியில், பெருமை என்ற இடத்தில், நீல டிக்கின் மேலேயே என்.ஜி. என்று எழுதினார். பிறகு பதினைந்து முதல் முப்பது வரை எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தார். சற்குணம் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"பதினோரு மாசத்துல இன்னைக்குத்தான் சீட்டு நீங்க எழுதுன மாதிரி இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அரை மணி முன்னால் போய்ப் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னார், கம்பெனி சமாச்சாரத்தில் காவேரியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. போதகர் திகைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "இதை நீங்க சாட்சியாவே சொல்லணும். ரொம்பப் பிரயோஜனமா இருக்கும். சொன்னதும் அப்படியே மூப்பர் பிரதிஷ்டையும் வச்சிருவோம்."

வெள்ளிக்கிழமைக்கு முந்திய அருமைநாயகமாக இருந்தால் இந்த யோசனை தித்தித்திருக்கும். பாவத்தைச் சொல்லியே பதவி வாங்குவது எவ்வளவு வசதி! அவர் தலையை ஆட்டினார். "சொல்லுதேன் ஐயா. பிரதிஷ்டை வேண்டாம். சொல்லிட்டு அதுக்குக் கூலி வாங்குனா சொல்லாத மாதிரிதான்."

சபையின் முன் நின்று நாலே வாக்கியம் பேசினார். தன் தாளைத் தூக்கிக் காட்டினார்: பாதி நீலம், பாதி சிவப்புக் கோடு. "பாவம் செஞ்சதுகூடப் பெருசில்ல. செய்யலைன்னு முன்கூட்டியே எழுதிட்டேன். மன்னிப்புக் கேக்கவே இடம் இல்லாமப் பண்ணிட்டேன். தயவுசெஞ்சு உங்க வீட்டு சீட்ட ஒரு தடவ பாருங்க."

யாரும் அழவில்லை, யாரும் ஆமென் சொல்லவில்லை. விசிறிச் சத்தத்துக்கு நடுவே, வேதப் புத்தகங்களுக்குள் இருந்த தாள்களை அவசரமாக மடிக்கும் சத்தம் மட்டும் வரிசை வரிசையாகக் கேட்டது. முதல் சத்தம் மேடையிலிருந்து வந்தது. அருமைநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவர் வேண்டுமென்றே பார்க்காமல் விட்ட முதல் தாள் அதுதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான்காம் எந்திரத்துக்குப் போனார். காவேரி சிவப்புப் பின்னைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்திருந்தாள். பத்து மணிப் பின்னை அவர் முன்னாலேயே கேஜில் போட்டுக் காட்டினாள். ஒரு டிக் போட்டாள். அவர் கையெழுத்திட்டார். பேனா பதினோரு மணிக் கட்டத்தின் ஓரத்துக்குப் பழக்கதோஷத்தில் நகர்ந்தது. பதினைந்து வருடக் கை.

காவேரி எண்ணெய்க் கறை படிந்த விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து மறைத்தாள்.

"இதுக்குப் பதினோரு மணிக்கு வாங்க சார்" என்றாள்.